மேபலின் மூக்கு

"வாயைத் திறந்து ஒரே ஒரு தடவை கேட்டுடேன் லைல். 'தூரமா எங்கயும் போகாதே, இங்கயே படி'ன்னு. அவ்வளவுதானே?"

"அதெப்படி ஜோன்? படிக்கப் போறது அவ. நான் பாட்டுக்குக் கேட்டு, அவ மனசு மாறி, அப்புறம் ஒரு நாள் 'உங்களாலதான்'னு சொல்லிட்டா?"

"அவளும் உன் வாயால கேட்கணும்னு காத்துட்டு இருக்கலாம்ல?"

"அதெல்லாம் இல்லை. அவளுக்கு ஆரிகன்ல இருக்கிற கடலோரக் காலேஜ்தான் பிடிச்சிருக்கு. ரூம் சுவரு பூரா கடலா ஒட்டி வெச்சிருக்கா."

"நீ யார்கிட்டதான் எதைத்தான் கேட்டிருக்கே? நம்ம கல்யாணத்துக்கே நான்தான் கேட்டேன்."

"நீ முந்திக்கிட்டே."

"நாலு வருஷம் பொறுத்துப் பார்த்துட்டு முந்திக்கிட்டேனா!"

பால் கறக்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே மனைவியோடு நடந்த இந்தப் பேச்சு, மகள் மாரெனைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டியோட்டிய லைல் தோர்சனின் காதில் வழிநெடுக ஒலித்துக்கொண்டே வந்தது.

மாநிலப் பல்கலைக்கழகம் அவர்கள் பண்ணையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஆரிகன் மூன்று நாள் பயணம். இந்தக் கணக்கை லைல் மனதுக்குள் போட்டுப் போட்டு அலுத்துவிட்டார். ஆனால் மகளிடம் வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை. பல்வலி வந்தால்கூட மருத்துவரிடம், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு நுழைகிற மனிதர் அவர்.

கேட்க முடியாதவர் ஏற்பாடு செய்திருந்தார். புதிதாகச் சேர விரும்பும் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக்காட்டும் நாள் இன்று. அதற்கு முன்பே, வருடா வருடம் தன் வயலுக்கு வந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் போகும் வேளாண் அலுவலர் ராய்ஸைத் தொலைபேசியில் பிடித்தார். பல்கலைக்கழகத்து மாட்டுத் தொழுவமும் ராய்ஸின் பொறுப்புதான்.

"என் பொண்ணு வர்றப்போ ஒரு கன்னுக்குட்டி கண்ணுல படுற மாதிரி நின்னா நல்லாயிருக்கும்... நான் ஒண்ணும் கேட்கலை. சும்மா சொன்னேன்."

"புரியுது லைல். சும்மா ஒரு கன்னுக்குட்டி நிக்கும்," என்றார் ராய்ஸ்.

அடுத்து ஐஸ்கிரீம் கடை பெவர்லி. பல்கலைக்கழகத்து மாடுகளின் பாலில் அங்கேயே செய்து அங்கேயே விற்கும் கடை அது. அவளிடமும் லைல், 'சும்மா' இரண்டு கரண்டி கூடுதலாக வைக்கச் சொல்லியிருந்தார்.

வாசலில் ஷெல்பி என்ற மாணவி காத்திருந்தாள். பிள்ளைகளும் பெற்றோருமாக ஒரு கூட்டம் சேர்ந்ததும், அவர்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடக்கத் தொடங்கினாள். சுற்றிக்காட்டுகிற மாணவர்கள் எல்லோருமே அப்படித்தான் நடப்பார்கள். முதுகில் கண் இருப்பதுபோலப் படி, திருப்பம், மரம் எதிலும் இடித்துக்கொள்ளாமல் போவார்கள்.

"நூத்தறுபது வருஷத்துக்கு முன்னாடி, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துட்டு இருந்தப்பவே, உழவர் வீட்டுப் பிள்ளைங்களும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைங்களும் படிக்கட்டும்னு சொல்லி அரசாங்கம் மாநிலத்துக்கு மாநிலம் நிலம் குடுத்துச்சு. அப்படி வந்த காலேஜ்தான் இது. இப்போ இங்க விண்வெளியும் படிக்கலாம், வயலினும் படிக்கலாம், வெண்ணெய் எடுக்கவும் படிக்கலாம்!"

லைல் ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். மாரென் கொட்டாவி விட்டாள்.

புல்வெளி நடுவே வெண்கல மாடு ஒன்று நின்றது. உடம்பெல்லாம் பச்சை பூத்திருக்க, மூக்கு மட்டும் பொன்போல மின்னியது.

"இதுதான் மேபல். ஒரு காலத்துல மாநிலத்திலேயே அதிகமாப் பால் கறந்த மாடு," என்றாள் ஷெல்பி. "இங்க இடம் கிடைச்சுச் சேர்ந்தவங்க இவ மூக்கைத் தடவிட்டுத்தான் முதல் வகுப்புக்குப் போவாங்க. ஆனா ஒண்ணு, சேர்றதுக்கு முன்னாடி தொட்டா அவ்வளவுதான். இங்க படிக்கிற யோகமே போயிடும்! அதனால இன்னைக்கு எல்லாரும் கையைப் பாக்கெட்டுல..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. மாரென் வேறெங்கோ பார்த்தபடி கையை நீட்டி, வீட்டு மாட்டைத் தடவுவதுபோல மேபலின் மூக்கைத் தடவிக்கொடுத்தாள்.

"மாரென்!"

"என்னப்பா?"

"தொட்டுட்டியே!"

"ஐயோ, ஆமா இல்ல," என்றாள், ஏதோ செருப்பில் சேறு பட்டுவிட்டதுபோல.

மற்றவர்கள் சிரித்தார்கள். லைலால் முடியவில்லை. பதினெட்டு வயதில் அவரும் இதே மூக்கைச் சேருமுன் விளையாட்டாகத் தொட்டவர். அந்த இலையுதிர் காலத்திலேயே அவருடைய அப்பா வைக்கோல் பரணிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். லைல் டிராக்டரில் ஏறினார். அதன்பிறகு கல்லூரிப் பேச்சே வரவில்லை. இதை யாரிடமும் அவர் சொன்னதில்லை. ஆனால் மேபலை அவர் மன்னிக்கவும் இல்லை.

கூட்டம் நகர்ந்ததும் ஷெல்பியை ஓரமாக நிறுத்தினார்.

"ஏம்மா... இப்படி யாராவது தெரியாமத் தொட்டுட்டா, அதுக்குப் பரிகாரம் ஏதாவது... நான் கேட்கலை. பொதுவா."

ஷெல்பி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "இருக்கு மிஸ்டர் தோர்சன். பெத்தவங்கள்ல ஒருத்தர் மேபலைப் பார்த்தபடியே பின்பக்கமா மூணு சுத்து சுத்தணும். அப்புறம் மாட்டுத் தொழுவம் வர்ற வரைக்கும் அவளுக்கு முதுகைக் காட்டக் கூடாது. பின்பக்கமாவே நடக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவள் தன் கூட்டத்தோடு கட்டடம் தாண்டிப் போய்விட்டாள். லைல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சுற்றத் தொடங்கினார். மூன்றாவது சுற்று முடியும்போது பத்துப் பன்னிரண்டு பேர் தன்னை வரிசையாகப் பின்தொடர்வதைக் கண்டு திடுக்கிட்டார். பின்பக்கமாக நடக்கிறவர் வழிகாட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று, தாமதமாக வந்த குடும்பங்கள் அவர் பின்னால் சேர்ந்துகொண்டிருந்தன.

"மன்னிச்சிடுங்க, நாங்க லேட்," என்றாள் நகரத்து உடுப்பில் இருந்த ஓர் அம்மாள். "இதுவரைக்கும் எதை விட்டுட்டோம்?"

நான் வழிகாட்டி இல்லை, தயவுசெய்து பின்னால் வராதீர்கள் என்று சொல்லலாம். ஆனால் அது ஒரு வேண்டுகோள் ஆயிற்றே.

"மாடு," என்றார். "மாட்டை விட்டுட்டீங்க."

எல்லோரும் மாட்டைப் படம் எடுத்தார்கள். லைல் தொழுவத்தை நோக்கிப் பின்பக்கமாக நடந்தார். கூட்டமும் வந்தது.

"அது என்ன கட்டடம்?"

"மண்ணைச் சோதிக்கிற இடம். வருஷா வருஷம் என் வயல் மண்ணை அனுப்புவேன். என்ன குறைன்னு சொல்லிடுவாங்க. என் வீட்டுக்காரி அளவுக்கு வேகமாச் சொல்ல மாட்டாங்க."

கூட்டம் சிரித்தது. லைலுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"இது நூலகம். உள்ள போனதில்லை. ஆனா வெளியே நிழல் பிரமாதமா இருக்கும். அது மாட்டு ஆஸ்பத்திரி. எங்க மாட்டுக்கு இங்க நடக்கிற வைத்தியம் எனக்கு எங்க ஊர்ல நடந்ததில்லை."

"பிள்ளைங்களை நல்லாப் பார்த்துப்பாங்களா?" என்று ஓர் அப்பா கேட்டார். கேட்கும்போது மகனின் தோளைப் பிடித்திருந்தார்.

லைல் அந்தக் கையைப் பார்த்தார். "என் கன்னுக்குட்டியை இவங்களை நம்பி விட்டிருக்கேன்," என்றார். "அதைவிட என்ன சொல்ல?"

அந்த அப்பா தலையாட்டினார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

தொழுவ வாசலில் ராய்ஸ், கழுத்தில் நீல ரிப்பன் கட்டிய கன்றுக்குட்டியோடு, கம்பிக் கதவுக்கு உள்ளே தயாராக நின்றார். ஷெல்பியின் கூட்டம் எதிர்ப்பக்கமாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது. மாரென் வந்ததும் ராய்ஸ் உள்ளிருந்து ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கி ஒரே இழுப்பில் மாட்டிக்கொண்டாள். கால் அளவுக்கு அச்சாகப் பொருந்தியது. ராய்ஸ் எவ்வளவு அக்கறையாகச் செய்கிறார் என்று தூரத்திலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்த லைல் நெகிழ்ந்துபோனார்.

நெகிழ்ந்ததில் கதவு எங்கே இருக்கிறது என்பதை மறந்துவிட்டார்.

அவருடைய இடுப்பு போய் இடித்ததில் தாழ்ப்பாள் துள்ளித் திறந்தது. லைல் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலே ரிப்பன் பறக்கக் கன்றுக்குட்டி ஓடியது.

"பிடிங்க!" என்று ராய்ஸ் கத்தினார்.

"இதுவும் டூர்ல சேர்த்தியா?" என்று நகரத்து அம்மாள் கேட்டாள்.

எதிரே புல்வெளியில் பேண்டு வாத்தியக் குழு பயிற்சி செய்துகொண்டிருந்தது. கன்றுக்குட்டி நேராக அங்கே போய், எல்லாவற்றையும்விடப் பெரிய ஊதுகுழலின் வாய்க்குள் தலையைவிட்டு முகர்ந்து பார்த்தது. ஊதிக்கொண்டிருந்தவன், குழலுக்குள்ளிருந்து ஒரு குரல் பதில் சொன்னதும் அதைப் போட்டுவிட்டு ஓடினான். சொட்டச் சொட்ட ஓடிவந்த லைல், வாத்தியங்களை நிறுத்தினால் கன்று அடங்கும் என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினார். வாத்தியக் குழு அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டது. இன்னும் வேகமாக, இன்னும் சத்தமாக வாசித்தது. கன்று மிரண்டு பெரிய டமாரத்தைச் சுற்றி ஓடியது. லைல் கன்றைச் சுற்றி ஓடினார். அவருடைய கூட்டம் அவர் பின்னாலேயே ஓடியது, வழிகாட்டியை விட்டுவிடக் கூடாதே என்று.

"டாட்டி! வா இங்கே," என்று ஒரு குரல் கேட்டது.

மாரென் நிதானமாக நடந்து வந்தாள். கன்றின் வாயில் இரண்டு விரலை வைத்தாள். அது சப்பிக்கொண்டே அவள் பின்னால் சாதுவாக நடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கன்றின் பெயர் டாட்டி என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கிற நிலையில் லைல் இல்லை. அவருடைய பூட்ஸில் ஒரு சின்னத் தவளை இருந்தது.

ஐஸ்கிரீம் கடையில் பெவர்லி அவருக்கு ஒரு பழைய துண்டைக் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். மாரென் எதுவும் சொல்லாமலே அவளுக்குப் பிடித்த கருப்பு வால்நட் ஐஸ்கிரீம் மூன்று கரண்டியாக வந்தது. தன் ஏற்பாடுகளில் இது ஒன்றாவது சரியாக நடந்ததே என்று லைல் பெருமூச்சுவிட்டார். ஷெல்பியும் ராய்ஸும் கல்லாவுக்குப் பக்கத்தில், ஏதோ வேலை இருப்பதுபோல நின்றார்கள்.

மாரென் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "மேபலை மூணு சுத்து சுத்தினீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"ஷெல்பி. எதுக்குப்பா?"

"சும்மா. முட்டிக்கு நல்லதுன்னாங்க."

"கன்னுக்குட்டிக்கு ரிப்பன்?"

"அது ராய்ஸோட ரசனை."

கல்லாப் பக்கமிருந்து ராய்ஸ் பலமாக இருமினார்.

"அப்பா, என்கிட்ட ஏதாவது கேட்கணுமா?"

"ஆமா," என்றார் லைல். பெவர்லியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "கை துடைக்க ஒரு காகிதம் கொடு."

மாரென் கொடுத்தாள். பெவர்லி கரண்டியை டப்பாவுக்குள் டணார் என்று போட்டாள்.

லைல் காகிதத்தை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். சன்னலுக்கு வெளியே மேபல் தெரிந்தாள். அந்த மினுமினுக்கும் மூக்கு. இனி என்ன இருக்கிறது? மூக்கைத் தொட்டாயிற்று. பரிகாரம் தொட்டித் தண்ணீரில் போயிற்று. ஊர் பார்க்க மானமும் போயிற்று. ஆரிகன் காலேஜுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற அப்பாக்கள் ஒருத்தரும் மகள் முன்னால் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லாத இடத்தில், அவருக்கே ஆச்சரியமாக, தொண்டை திறந்துகொண்டது.

"கடல் நல்லாத்தான் இருக்கும்மா," என்றார். "நான் பார்த்ததில்லை. நீ போகணும்னு நினைச்சா நானே வண்டியில கொண்டுபோய் விடுறேன், மூணு நாளானாலும். ஆனா..."

"ஆனா?"

"ஞாயித்துக்கிழமை நீ சாப்பாட்டுக்கு வர்ற தூரத்துல இருந்தா நல்லாயிருக்கும். காலையில தொழுவத்துல நான் பாட்டுக்குப் பேசிட்டு இருப்பேன், திரும்பிப் பார்த்தா மாடுதான் நிக்கும்னு இப்பவே பயமா இருக்கு. சும்மா சொல்லலை மாரென். கேட்கிறேன். போகாதேம்மா. இங்கயே படி."

மாரெனின் கண் நிறைந்துவிட்டது. ஐஸ்கிரீம் கைவழியே உருகி ஓடியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

கல்லாவுக்குப் பின்னாலிருந்து பெவர்லி இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

"அப்பாடா, கேட்டுட்டாரு! ஷெல்பி, ஓடிப்போய் ஜோனுக்கு ஃபோனைப் போடு. அம்மாடி மாரென், போன மாசமே இங்க சேர்ந்து மேபல் மூக்கைத் தடவிட்டு, 'எங்கப்பா வாயால கேட்கிற வரைக்கும் மூச்சுவிடக் கூடாது'ன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுப் போனியே, இனிமேலாவது நாங்க வாயைத் திறக்கலாமா?"