பதினாலு பக்கச் சம்மதம்

சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நர்ஸ் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருந்தாள். அந்தக் குறியை லிஃப்ட் இன்ஸ்பெக்டர் முக்கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பேனா மட்டும் தாளைத் தொடவில்லை.

"பத்தரைக்கு உள்ள கூட்டிட்டுப் போகணும் சார்," என்றாள் நர்ஸ்.

"படிச்சிட்டுத்தாம்மா இருக்கேன்."

"மூணு தடவை படிச்சாச்சு," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி. "வீட்டுப் பத்திரத்தைக்கூட இப்படிப் படிக்கலை. அதனாலதான் மாடிப்படி பக்கத்து வீட்டுக்காரன் இடத்துல இருக்கு."

அவருக்கு ரத்த அழுத்தம். ஐந்து வகை மாத்திரை சாப்பிட்டாயிற்று, உப்பைக் குறைத்தாயிற்று, காலையில் நடந்தாயிற்று. எண் நூற்றெழுபதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று உடும்புப் பிடியாக நின்றது. மெஷின் ரூம் ஏணியில் ஏறக் கூடாது என்று ஆபீசில் தடை போட்டு, மேஜையில் உட்கார்ந்து முத்திரை குத்த வைத்துவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. அவருடைய அண்ணனுக்கும் இதே அழுத்தம்தான். ஐம்பத்து நாலாவது வயதில் ஒரு நாள் பல் தேய்க்கும்போது பக்கவாதம் வந்தது. இன்றைக்கும் அண்ணனுக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிட ஆள் வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு இப்போது ஐம்பத்திரண்டு.

டாக்டர் ஒரு வழி சொன்னார். தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய வடிகுழாய் ஒன்றைச் சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் வரைக்கும் செலுத்துவது. அந்தக் குழாயைச் சுற்றிப் படர்ந்திருக்கும் நரம்புகளைச் சூடு காட்டி அடக்குவது. அந்த நரம்புகள்தான் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் ஓயாமல் கோள்மூட்டி அழுத்தத்தை ஏற்றிவிடுகின்றனவாம்.

இன்ஸ்பெக்டருக்கு இருதலைக்கொள்ளி எறும்பு நிலைமை. செய்துகொள்ளப் பயம். செய்யாமல் இருக்க அதைவிடப் பயம்.

டாக்டரே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். "என்ன சார் சந்தேகம்?"

"சூடு அளவுக்கு மீறிப் போனா?"

"மெஷின் தானா அணைஞ்சுடும்."

"தானா அணையலைன்னா?"

"நாங்க அணைப்போம்."

"கரண்ட் போயிட்டா?"

"கரண்ட் போனா சூடே இருக்காதே சார்."

இன்ஸ்பெக்டர் அதை ஒத்துக்கொண்டார். "சரி, ஆபத்தே இல்லைன்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

"மாட்டேன்," என்றார் டாக்டர். "தொடையில ஊசி போட்ட இடம் கன்னிப்போகும், சில பேருக்கு ரத்தம் கசியும். குழாய் கிழியறது, பின்னால சுருங்கறது எல்லாம் ரொம்ப அபூர்வம், ஆனா உண்டு. படம் எடுக்கிற மருந்து சிலருக்கு ஒத்துக்காது. செஞ்சவங்களை வருஷக்கணக்கா கவனிச்சிட்டு வர்றாங்க, பெரிசாப் பயப்படும்படி ஒண்ணும் இல்லை. அழுத்தம் எவ்வளவு குறையும்கிறது ஆளுக்கு ஆள் மாறும். மாத்திரையை நிறுத்தவும் முடியாது."

நேர்மையான பதில்தான். நேர்மை சில சமயம் அழுத்தத்தை ஏற்றும். டாக்டர் எழுந்து போனதும் நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். நூற்றெழுபத்தெட்டு.

மனைவி ஒரு யோசனை செய்தாள். அவளுடைய தம்பி மருந்துக் கம்பெனியில் வேலை பார்ப்பவன், நாலு விஷயம் தெரிந்தவன். போனில் கூப்பிட்டு ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"அத்தான், ஒண்ணுமே இல்ல, தைரியமா பண்ணிக்குங்க," என்றான் மச்சினன்.

"உனக்கு இதைப் பத்தித் தெரியுமா?"

"தெரியாது. இருங்க, இப்பவே பார்த்துச் சொல்றேன்." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "ம்... அப்படியா... அடடா," என்றான்.

"என்னடா அடடா?"

"ஒண்ணும் இல்ல அத்தான். சாப்பிட்டீங்களா?"

நூற்றெண்பத்தாறு.

மனைவி பேச்சின் நடுவிலேயே போனைத் துண்டித்தாள். இதற்கெல்லாம் மூலகாரணம் ஒன்பதாம் பக்கம்தான் என்று அவளுக்குப் பட்டது. அபாயங்கள் எல்லாம் அதில்தான் வரிசையாக இருந்தன. அவர் தண்ணீர் குடித்த நேரம் பார்த்து, அந்தத் தாளை உருவித் தன் அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இருபத்தாறு வருஷமாக லிஃப்டில் காணாமல் போன திருகாணியைக் கண்டுபிடிப்பவரிடம் இது செல்லுமா? "எட்டாம் பக்கம், அப்புறம் பத்தாம் பக்கம்," என்றார் அவர். "நடுவுல எதை மறைக்கிறாங்க?"

"அச்சுப் பிழையா இருக்கும்."

"காலையில இருந்துதே. எதையோ சொல்லக் கூடாதுன்னு உருவிட்டாங்க."

"நான்தாங்க எடுத்தேன்."

"ஏன்? அதுல அப்படி என்ன இருக்கு? உன்கிட்ட டாக்டர் தனியா ஏதாவது சொன்னாரா?"

அவள் கசங்கிய தாளை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை நாலாவது தடவையாகப் படித்தார். நூற்றுத் தொண்ணூற்றி நாலு.

நர்ஸின் முகம் மாறியது. "சார், இருநூறைத் தாண்டினா இன்னிக்குப் பண்ண மாட்டாங்க. அடுத்த தேதி ஏழு வாரம் கழிச்சுத்தான்."

ஏழு வாரம். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதை அவர் பார்த்தார். அண்ணனுக்குப் பித்தான் போட்டுவிடும் அண்ணியின் ஞாபகம் வந்தது. அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"வெளியில ரெண்டு எட்டு நடந்துட்டு வரேன்," என்று பாரத்தை எடுத்துக்கொண்டு நடைக்கூடத்துக்கு வந்தார்.

அவருடைய தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் செய்தவன் பேச்சை நம்ப மாட்டார், விற்றவன் பேச்சையும் நம்ப மாட்டார். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு, அந்தக் கட்டடத்தில் தினமும் ஏறி இறங்குகிற ஒருவரைப் பிடித்து விசாரிப்பார். அவர் சரி என்றால்தான் சான்றிதழில் கையெழுத்து.

நடையில் நாலாவது நாற்காலியில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் இருந்தார். மணிக்கட்டில் இன்ஸ்பெக்டருக்குக் கட்டியிருந்த அதே நீலப் பட்டை.

"நீங்களும் இந்த நரம்பு சமாச்சாரமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதேதான். உட்காருங்க சார்."

"பயமா இருந்துச்சா?"

"இருக்காதா? ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லை."

"வலி?"

"தொடையில ஒரு ஊசி, எறும்பு கடி மாதிரி. சூடு வைக்கிறப்போ முதுகுப் பக்கம் வலிக்கும், அதுக்கு மருந்து ஏத்திடுவாங்க. பாதி மயக்கம்தான். மொத்தம் ஒரு மணி நேரம்."

"அப்புறம்?"

"மல்லாக்கப் படுத்திருக்கணும், காலை மடக்கக் கூடாது. உள்ள போறதுக்கு முன்னாடியே பாத்ரூம் போயிட்டு வந்துடுங்க, அது முக்கியம்."

ஒன்பதாம் பக்கத்தில் இல்லாத தகவல் இது. அனுபவம் என்றால் இதுதான் என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார். "இந்த ரத்தக் கசிவு, குழாய் சுருங்கறது?"

"எல்லாம் விசாரிச்சாச்சு சார். ஆயிரம் யோசனை பண்ணலாம். ஆனா ஒரு நாள் பொட்டுன்னு கைகால் விழுந்துட்டா யார் பார்ப்பாங்க?"

இன்ஸ்பெக்டர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். "இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

கட்டம் போட்ட சட்டைக்காரர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

நன்றாகத்தான் தெரிந்தது. கன்னத்தில் சிவப்பும் கண்ணில் தெளிவுமாக, கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"தள்ளிப் போடாதீங்க சார். இன்னிக்கே பண்ணிக்குங்க," என்று தன் முழங்காலைக் காட்டினார். "இதுமேல வச்சே கையெழுத்துப் போடுங்க."

இன்ஸ்பெக்டர் போட்டார். பதினாலு பக்கத்திலும் போட்டார். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தபோது அழுத்தம் நூற்றெழுபத்திரண்டு. சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது கட்டம் போட்ட சட்டைக்காரர் கதவு வரைக்கும் கூடவே வந்தார். சொந்தத் தம்பிகூட அவ்வளவு தூரம் வர மாட்டான்.

ஊசி எறும்புக் கடிதான். முதுகில் இரண்டு மூன்று முறை சுரீர் என்றது, மருந்து ஏறியது, அடங்கியது. ஒரு மணி பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"ரெண்டு பக்கமும் ஆச்சு," என்றார் டாக்டர். "படத்துல குழாய் சுத்தமா இருக்கு, ரத்தக் கசிவு இல்லை. பலன் தெரிய மாசக்கணக்கு ஆகலாம். மாத்திரையை விட்டுடாதீங்க."

இன்ஸ்பெக்டர் காலை நீட்டி மல்லாந்து கிடந்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவருக்கு உலகத்தில் எல்லோர் மேலும் பிரியமாக இருந்தது, மச்சினன் மேல்கூட.

"நர்ஸம்மா," என்றார். "வெளியில கட்டம் போட்ட சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தர் இருக்காரே, அவர்கிட்ட நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்லிடுங்க. அவர் இல்லைன்னா நான் இதைப் பண்ணிக்கிட்டிருக்கவே மாட்டேன்."

"சொல்லியாச்சு சார், இப்பத்தான் பாரத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்," என்றாள் நர்ஸ், போர்வையைச் சரிசெய்தபடி. "முதல்ல வேற யாராவது போயிட்டு முழுசா வெளியில வரட்டும், அப்புறம் பார்க்கலாம்னு மூணு நாளா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்."