கிருமியின் நிரந்தர முகவரி

பெங்களூரில் ஒரு மனிதன் விலாசச் சான்று வாங்குவது எவ்வளவு பாடு என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்கே தெரியாத ஒரு கிருமிக்கு நிரந்தர முகவரி கண்டுபிடித்துக் கொடுத்த பெருமை இந்த நகரத்தில் ஒரே ஒரு மருத்துவமனையைத்தான் சேரும்.

சரித்திரம் என்று பார்த்தால், அந்த மகத்தான ஆராய்ச்சி ஒரு செவ்வாய்க்கிழமை காலை நீலசந்திரா என்ற பகுதியில் தொடங்கியது. உத்தமன் வாசற்படியில் செய்தித்தாளை விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பீன்யா தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். நகக்கண்ணில் ஏறிய எண்ணெய்க் கறுப்பு போகாததால் எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்தார். கை முடிந்ததும் காலை நீட்டினார்.

"ஹெர்னியா ஆபரேஷனுக்குப் போறவருக்குக் கால் நகம் இன்னாத்துக்கு வெட்டணும்?" என்று கேட்டாள் மனைவி பாமா.

"டாக்டருங்க இருக்கற எடம். சுத்தமா போவணும்."

ஆபரேஷன் வெற்றி என்று சொன்னார்கள். இரண்டு நாள் கண்காணிப்புக்கு என்று ஐ.சி.யூ.வில் வைத்தார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல். எந்த மருந்துக்கும் மசியாத கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். பன்னிரண்டாம் நாள் உத்தமன் இறந்துபோனார். ஆபரேஷனின் வெற்றிக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

மருத்துவமனை கைகட்டிக்கொண்டு நிற்கவில்லை. அதன் 'தொற்றுத் தடுப்புக் குழு' டாக்டர் சுந்தரம் தலைமையில் கூடி, ஒரு நிமிடம் மௌனமாக நின்று, பிறகு விஷயத்தை அறிவியல் பூர்வமாக ஆராய்ந்தது. தூய்மைக்கான சான்றிதழ் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அது காலாவதியாக இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. ஆகவே கிருமி உள்ளே பிறந்திருக்க முடியாது. நோயாளிதான் வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறி, ஆங்கிலக் கடிதமாகி, கருமாதி முடிந்த மறுநாள் பாமாவிடம் வந்து சேர்ந்தது.

பாமா வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு விடுதியில் அறுபது பேருக்குச் சமைக்கிறவள். தமிழ் என்றால் வரிவிடாமல் படிப்பாள்; ஆங்கிலம் அவ்வளவு வராது. கடிதத்தை விடுதி வார்டன் மமதாவிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னாள். மமதா படித்து முடித்துக் கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள்.

"தப்பா நினைக்கபேடி பாமாக்கா. உங்க வீட்டுல கிருமி இல்லேன்னு அவங்ககிட்டயே ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் கிச்சன் பக்கம் வேணாம்."

இருபத்திரண்டு வருஷ அடுப்பு அத்தோடு அணைந்தது.

டாக்டர் சுந்தரம் அவளை அன்பாகவே வரவேற்றார். ஒரே பெயருள்ள கிருமிகளிலும் ரகம் ரகமாக உண்டு என்றும், மரபணுவை ஒப்பிட்டால் எது எதற்குச் சொந்தம் என்று தெரிந்துவிடும் என்றும் விளக்கினார். "இப்பல்லாம் கிருமிக்கு ஜாதகமே பார்த்துடலாம்மா" என்றபோது அவர் முகத்தில் ஒரு கல்யாணப் பெண்ணின் தகப்பனுக்குரிய களை இருந்தது.

ஆய்வுக்கூடத்திலிருந்து ஷில்பா என்ற பெண், முகமூடியும் கையுறையுமாக, தெருவே வேடிக்கை பார்க்க நீலசந்திராவுக்கு வந்தாள். தண்ணீர் டிரம், அரிவாள்மணை, மிக்ஸி மூடி, கரித்துணி என்று பஞ்சுக்குச்சியால் தொட்டுத் தொட்டு எடுத்தாள். அலமாரியில் இருந்த புத்தர் சிலையின் மடியையும் விடவில்லை. புத்தர் பொறுத்துக்கொண்டார். விதிமுறை என்று ஒன்று இருப்பதால், 'ஒரு சம்பிரதாயத்துக்காக' மருத்துவமனையிலும் சில இடங்களில் பஞ்சைத் தொட்டு எடுத்தார்கள்.

ஐந்து வாரம் கழித்துக் குழு பாமாவைக் கூட்டத்துக்கே அழைத்துக் கௌரவித்தது. ஐ.சி.யூ.வை ஒட்டிய கண்ணாடி அறை. பத்துப் பேருக்கு ஐந்து காபி சொல்லி 'பை-டூ' போட்டுக்கொண்டார்கள். திரையில் ஒரு மரம் தெரிந்தது. கிருமியின் வம்ச விருட்சம்.

ஷில்பா குச்சியால் காட்டினாள். "அக்கா வீட்டுல இருந்தது வேற ரகம் சார். இதுக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்ல. இதோட வேர் இங்கதான் இருக்கு. ஐ.சி.யூ.ல கை கழுவற சிங்க்கோட கழிவுக் குழாய்க்குள்ள. அதுலேர்ந்து ரெண்டு வருஷத்துல பதினோரு கிளை. பதினோரு பேஷண்ட்."

குழு கைதட்டியது. இரண்டு வருஷமாகப் பெரிய மாற்றமே இல்லாமல் குணம் காத்துவரும் இத்தனை கட்டுப்பாடான ஒரு ரகத்தைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று தலைவர் நெகிழ்ந்தார். மாநாட்டில் படிக்கக் கட்டுரை ஒன்று எழுதுவதென்று முடிவாயிற்று. சிங்க்கை இடிப்பது பற்றி ஒருவர் வாயெடுத்தார். கட்டுரை வெளிவரும்வரை ஆதாரத்தைக் கலைக்கக் கூடாது என்று அவரை உட்காரவைத்தார்கள்.

"சிங்க்குள்ள அது இன்னாத்த தின்னுட்டு உயிரோட இருக்கு?" என்று பாமா ஷில்பாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"பால், சக்கரை, குளுக்கோஸ். யாராவது கொட்டினா உள்ள படிஞ்சு வளரும். கை மட்டும்தான் கழுவணும்னு போர்டு போட்டிருக்கு அக்கா."

கூட்டம் முடிந்தது. டம்ளர் கழுவ வேண்டிய சமையல்கட்டுக் குழாய் நாற்பதடி தள்ளி இருந்தது. டாக்டர் சுந்தரம் மிச்சக் காபியோடு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், ஐ.சி.யூ. சிங்க்கில் ஊற்றி, டம்ளரை அலசினார். மற்றவர்கள் பணிமூப்பு வரிசையில் பின்னால் நின்றார்கள். பன்னிரண்டு நாளும் உத்தமன் ஒரு வாய் காபி கேட்டுக்கொண்டே இருந்தார். கூடாது என்று உதட்டை மட்டும் நனைத்தார்கள். சிங்க்குக்கு அந்தப் பத்தியம் இல்லை.

பாமாவின் வீடு சுத்தம் என்று கடிதம் அடிக்கத் தியோடர் என்ற குமாஸ்தாவுக்கு உத்தரவாயிற்று. மாதிரிக்காக அவர் பழைய கடிதத்தைக் கணினியில் திறந்தார். பாமா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வந்த கடிதத்தின் மேலே வரிசையாக இன்னும் பத்துக் கடிதங்கள் இருந்தன.

"அவங்க வூட்டுலேர்ந்துதான் வந்துச்சுன்னு அவங்களுக்கும் போட்டீங்களா சார்?"

"நடைமுறைம்மா" என்றார் சுந்தரம்.

"அவங்க வூட்டுலயும் இல்லன்னு இப்ப ஒண்ணு அடிச்சுக் குடுத்துடுங்க. நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"அவங்க யாரும் வந்து கேக்கலையேம்மா."

தியோடர் அவளுக்கான கடிதத்தை நீட்டிவிட்டுக் கேட்டார். "பழசை அழிச்சிடவா சார்?"

"வேணாம். பேரையும் அட்ரஸையும் மட்டும் எடுத்துட்டு வைங்க."

பாமா மறுநாள் அறுபது பேருக்குச் சமைக்கப் போனாள். அந்தப் பழைய கடிதம், பெயருக்கும் முகவரிக்கும் இடம் விட்டு, இன்னும் அந்தக் கணினியிலேயே இருக்கிறது.