கோல்கீப்பரைத் தடுக்கப் போன விவரம்

உயர்திரு மச்சான் கருத்தப்பாண்டி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை முருகலட்சுமியின் கணவன் மாரிக்கண்ணன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் அவளும் ஆடுகள் நான்கும் சுகம். மழைதான் இன்னும் வந்தபாடில்லை. அங்கு திருப்பூரில் தாங்களும் தங்கள் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

இந்தக் காலத்தில் போய் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான்கு முறை போன் செய்தேன். "மச்சான், நடந்தது என்னன்னா" என்று நான் தொடங்குவதற்குள் நான்கு முறையும் வைத்துவிட்டீர்கள். கடிதத்தையும் நீங்கள் பாதியில் வைக்கலாம். ஆனால் மீதி அதிலேயே இருக்கும், கோபம் தணிந்ததும் எடுத்துப் படிக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை நீங்கள் யாரோ அனுப்பிய முருகலட்சுமியின் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டீர்கள். "நாப்பது வயசுல டவுசரு போட்டுக்கிட்டு பந்து மிதிக்கிறா. நாளைக்கு அந்தப் போட்டிக்குப் போனா, எங்க வீட்டு வாசல மிதிக்க வேணாம்னு சொல்லிருங்க" என்றீர்கள். டவுசருக்கு உள்ளே கணுக்கால் வரை பேன்ட் போட்டிருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன், விடவில்லை. நிறுத்திவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மனசாரத்தான் கொடுத்தேன்.

இந்தப் பந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். சர்ச் தெரு யாக்கோபுவின் மகள் அஷ்லின் விளையாட்டு ஆசிரியர் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறாள். போன வருஷம் கண்மாய்க்குள் நூறு நாள் வேலை பார்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் ஒரு பந்தை உருட்டிவிட்டாள். தண்ணீர் இல்லாத கண்மாய்தானே, மைதானத்துக்குக் குறைவில்லை. கரிசல் மகளிர் கால்பந்துக் கழகம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அணிக்கு ஏழு பேர். நம் பருத்திக்குள் ஊரார் ஆடு ஒன்றுகூட நுழையாதபடி முருகலட்சுமி மறிப்பதைப் பார்த்துத்தான் அவளைக் கோலில் நிறுத்தினாளாம் அஷ்லின்.

நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். "அண்ணனா அப்படிச் சொல்லுச்சு?" என்று கேட்டாள். அதற்குமேல் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. பேசாமல் இருந்தால் எனக்குப் பயம் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் வாக்கைக் காப்பாற்ற அவளுடைய பூட்ஸை எடுத்துச் சோளத்தட்டைப் படப்புக்குள் சொருகி வைத்தேன். விடிந்ததும் கரிமூட்டத்தில் புகை சரியாக வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டு ஏழு மணிக்குத் திரும்பினால் வீட்டில் ஆள் இல்லை. ஏழு பேரும் லோடு ஆட்டோவில் அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டார்கள் என்று தெருவில் சொன்னார்கள். என்னுடைய கேன்வாஸ் ஷூவையும் காணோம். சீமைக்கருவேல் வெட்டவும் கரி அள்ளவும் நான் போட்டுக்கொள்கிற தோல் கையுறையையும் காணோம்.

உடனே வண்டியை எடுத்தேன். பந்தல்குடிக்கு முன்னால் பஞ்சர். கையைக் காட்டியதும் தூத்துக்குடி உப்பு லாரி ஒன்று நின்றது. டிரைவர் மொக்கையன் நல்ல மனிதர். பெண்டாட்டி பந்து விளையாடுகிறாள், நிறுத்தப் போகிறேன் என்று சொல்லி ஏறினேன். அவர் அதில் "பெண்டாட்டி பந்து விளையாடுகிறாள்" என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். முதல் ஆட்டத்தை விட்டுவிடக் கூடாதென்று பள்ளிக்கூட மைதானத்து வாசல் வரை லாரியை விரட்டி, ஓரம் கட்டிவிட்டு, எனக்கு முன்னால் அவர் உள்ளே ஓடினார்.

முதல் ஆட்டம் அப்போது பாதியில் இருந்தது. என் ஷூ அவள் காலுக்குப் பெரியது, அதனால் உள்ளே பருத்தியைத் திணித்திருந்தாள். நான் கோட்டோரம் போய்ச் சேர்ந்த நேரம், அவள் பந்தை ஓங்கி உதைத்தாள். பந்து ஒரு பக்கமும் ஷூ ஒரு பக்கமும் பறந்தன. எதிரணிப் பெண்கள் மூன்று பேர் ஷூவைத் துரத்தினார்கள். நம் சுகந்தி, அவள் விசைத்தறியில் ஓடி ஓடி வேலை பார்க்கிறவள், பந்தைத் துரத்திக் கோலும் போட்டுவிட்டாள். அந்த ஒரு கோலில் ஜெயித்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் அவளைக் கூப்பிடப் போனேன் மச்சான், சத்தியமாகப் போனேன். அதற்குள் விழாக்குழு ஆள் ஒருவர், என் தோளில் கிடந்த சிவப்புத் துண்டைப் பார்த்து, வராமல் போன லைன்ஸ்மேன் நான்தான் என்று நினைத்துக் கையில் கொடியைத் திணித்தார். மறுக்கலாம்தான். ஆனால் கோட்டோரம் நின்றால் அவள் பக்கத்தில் போக வசதியாக இருக்குமே என்று வாங்கிக்கொண்டேன். வாங்கிய பிறகு, லைன்ஸ்மேன் ஆட்டக்காரர்களோடு பேசக் கூடாது என்றார்கள். ஆக, உங்கள் தங்கையைத் தடுக்கப் போனவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் வாயைத் திறக்காமல் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தேன்.

அரையிறுதி காரியாபட்டி அணியோடு. அவள் பிடித்த இடமெல்லாம் பந்தில் கரி ஐந்து விரலாகப் பதிந்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, பந்தையும் அவள் கையுறையையும் கழுவச் சொன்னார். ஈரக் கையுறையில் அடுத்த பந்து வழுக்கியது. கோட்டைத் தாண்டி ஒரு முழம் உள்ளே போன பிறகுதான் அமுக்கிப் பிடித்து வெளியே இழுத்தாள். நடுவருக்குத் தெரியவில்லை, என்னைப் பார்த்தார். எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவளும் என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் அப்படி என்னைப் பார்த்ததில்லை. இல்லை என்று தலையாட்டியிருந்தால் உங்கள் தங்கையோடு மிச்ச காலம் நிம்மதியாக இருந்திருக்கலாம். கொடியைத் தூக்கிவிட்டேன். கோல் என்றார்கள்.

கோலுக்கு முன்னால் தடுப்பாட்டத்தில் நின்ற நம் அணிச் சந்தனம்மாள் என்னை ஏசிய ஏச்சை எழுத முடியாது. சொந்தப் பொண்டாட்டிக்கே குழி வெட்டுகிறான் என்பதிலிருந்து தொடங்கினாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் கோல்கீப்பரின் புருஷன் என்பது நடுவருக்குத் தெரிந்தது. கொடியை வாங்கிக்கொண்டு, உங்களை மாதிரி ஆளை நான் பார்த்ததில்லை என்றார். பாராட்டா இல்லையா என்று இன்னும் புரியவில்லை. அதற்குப் பிறகு அஷ்லின் ஒன்று, சுகந்தி ஒன்று என்று இரண்டு கோல் போட்டு நம் பெண்கள் இறுதியாட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

இறுதியாட்டம் கல்லூரிப் பிள்ளைகளோடு. அந்தப் பிள்ளைகள் குதித்துக் குதித்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது நம் ஆட்கள் தரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில் மண் வெட்டுகிற கால்களை அந்த மூன்று மணி வெயில் என்ன செய்துவிடும். அவர்கள் சுழன்று சுழன்று வந்தார்கள், சந்தனம்மாள் அசையவில்லை. முருகலட்சுமி பாய்ந்து பிடித்ததை மட்டும் ஒன்பது வரை எண்ணினேன், அப்புறம் எண்ண முடியவில்லை. ஆளுக்கு ஒரு கோலோடு நேரம் முடிந்தது. பெனால்டி என்றார்கள், அணிக்கு மூன்று உதை.

நம் பக்கம் மூன்றில் இரண்டு உள்ளே போயின. அவர்களுக்கு முதல் உதை உள்ளே போனது, இரண்டாவது கம்பத்தில் பட்டது. மூன்றாவதைத் தடுத்தால் கோப்பை. அந்த நேரத்தில் அவள் கோலுக்குப் பின்னால் நின்றிருந்த என்னிடம் வந்தாள். சனிக்கிழமை ராத்திரிக்குப் பிறகு அப்போதுதான் என்னிடம் வாய் திறந்தாள்.

"என்னக் கூட்டிட்டுப் போகத்தான வந்தீக? இந்த ஒண்ணு முடியட்டும். வாரேன்."

நான் தலையை ஆட்டினேன். மச்சான், அந்த நேரத்தில் உங்கள் முகம் என் ஞாபகத்துக்கு வரவில்லை. மன்னிக்கவும்.

மூன்றாவது உதைக்கு வந்த கல்லூரிப் பெண் உதைத்தாள். முருகலட்சுமி வலது பக்கம் பாய்ந்தாள். பந்து கையில் படவில்லை, நெற்றியில் பட்டது. அவள் குப்புற விழுந்து கிடந்தாள். புழுதியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கயிற்றைத் தாண்டி ஓடினேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"உள்ள போச்சா?"

"போகல."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான்."

"சரி. போயிருந்தா நீங்கதான் மொத ஆளாச் சொல்லியிருப்பீக" என்றாள். கண்ணைத் திறந்து சிரித்தாள்.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. மொக்கையன் உப்பை மறந்து அழுதுகொண்டிருந்தார். சந்தனம்மாள் என்னையும் சேர்த்துக் கட்டிப் பிடித்தாள். கல்லூரிப் பிள்ளைகள் வரிசையாக வந்து முருகலட்சுமியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நானும் லோடு ஆட்டோவிலேயே ஏறிக்கொண்டேன். முன்னால் மொக்கையனின் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போக, பந்தல்குடிக் கடைக்காரர்கள் எழுந்து ரோட்டுக்கு வந்து பார்த்தார்கள். கண்மாயில் பொம்பளைகள் பந்து விளையாடுவதைக் கேலி பேசிய நம் ஊர் ஆட்கள் மந்தைத் திடலில் மாலையோடு நின்றார்கள். யாரிடமும் கேட்காமல் அந்த மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அது கழகத்துக்கு வந்த மாலை என்று பிறகு சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நெற்றி வீக்கத்தோடு உட்கார்ந்து சொன்னாள்: "அண்ணன்ட்டச் சொல்லிருங்க. ஒரே ஒரு தடவ ஜெயிச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு. ஜெயிச்சாச்சு. இனிமே போகல." ஆகையால் மச்சான், நான் கொடுத்த வாக்கு ஒரு நாள் தாமதமாக நிறைவேறிவிட்டது. கழகத்துக்கும் அவளுக்கும் இனித் தொடர்பில்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். கோபத்தை விட்டு அவளோடு ஒரு வார்த்தை பேசவும். நம் குலசாமி கிருபையால் உங்கள் வீடும் தொழிலும் தழைக்கவும், முதுகு நேராகவும் வேண்டிக்கொண்டு இத்துடன் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத
மாரிக்கண்ணன்

பின்குறிப்பு: தபால்பெட்டியில் போடக் கிளம்பும்போது என் தங்கையும் தங்கள் மனைவியுமாகிய ஈஸ்வரி பையோடு வந்து இறங்கினாள். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு என்று உங்களிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். இங்கே காதுகுத்து எதுவும் இல்லை. பையில் சேலையும் இல்லை, பூட்ஸ் இருக்கிறது. டாக்டர் சொன்ன நடைப்பயிற்சி என்று நான்கு மாதமாகத் தினமும் காலையில் அவள் போனது திருப்பூர்ப் பெண்கள் அணிப் பயிற்சிக்காம். அடுத்த மாதம் விருதுநகரில் மாவட்டப் போட்டி, கரிசல் அணிக்கு முன்வரிசையில் ஆடப் போகிறாள். அதைக் கேட்டதும் முருகலட்சுமி, மேலே நான் உறுதி கூறிய வரிகளை அடிக்கச் சொன்னாள். தாளில் அடித்தல் திருத்தல் இருந்தால் தங்களுக்கு மரியாதையாக இருக்காது என்பதால் அடிக்கவில்லை. அடித்ததாகவே வைத்துக்கொள்ளவும். ஈஸ்வரியை நிறுத்தச் சொல்லி எனக்குப் போன் செய்ய வேண்டாம். அவள் புருஷன் நீங்கள்தான், நேரில் வரவும். ஆட்டம் காலை ஒன்பது மணிக்கு.