தவ்ரோன் என்ற பெண்மணியைக் காணவில்லை

கோகந்த்,
பாதாம் பூ உதிர்கிற வாரம்.

என் அன்பு மகன் தவ்ரோனுக்கு, உன் தந்தையும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவருமாகிய எர்கின் சலாம் கூறி எழுதுவது. உன் உடம்பு எப்படி, வேலை எப்படி, தூக்கம் எப்படி, கொரியாக்காரர்கள் போடும் சோறு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, உன் தொழிற்சாலை, உன் அறைத் தோழர்கள், அவர்களைப் பெற்றவர்கள் எல்லோரும் நலமா? இங்கே நான், உன் அம்மா, பசு, கன்று, ஒழுகுகிற கூரை எல்லாம் நலம். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறோமே, அப்புறம் கடிதம் எதற்கு என்று நீ கேட்கலாம். அந்தப் போனில் உன் அம்மாவின் முகம் திரையை முழுக்க அடைத்துக்கொள்வதால் என்னில் உனக்குத் தெரிவது ஒரு காது மட்டும்தான். தவிர, சொல்லவேண்டிய விஷயம் அவளைப் பற்றியது. அவள் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாது, அவள் பக்கத்தில் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. அடுத்த வாரம் சியோல் வருகிற பக்கத்து வீட்டு மருமகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படிப்பான். படிக்கட்டும்.

விஷயம் இதுதான். இனி நீ ஊருக்கு வரும்போது நான் முற்றத்தில் நின்று "மோஹிரா" என்று கூப்பிட்டால் பதறாதே. வீட்டுக்கு வேறு யாரும் வந்துவிடவில்லை. அது உன் அம்மாதான்.

உன் பெயரை உனக்காக வைத்தோம் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அதை அதிகம் சுமந்தவள் அவள். நீ பிறக்கும் வரை அவளை "ஹோய்" என்று கூப்பிட்டேன். நீ பிறந்ததும் ஊர் வழக்கப்படி பிள்ளை பெயரால் "தவ்ரோன்" என்று கூப்பிட ஆரம்பித்தேன். "தவ்ரோன்" என்றால் வருவது அவள், "டேய் தவ்ரோன்" என்றால் வருவது நீ. இந்த வித்தியாசம் நம் வீட்டுக் கோழிகளுக்குக்கூடத் தெரியும். அவளும் என்னை "தவ்ரோன் அப்பா" என்பதோடு சரி. என் அப்பா அப்படித்தான், அவர் அப்பாவும் அப்படித்தான். பெண்டாட்டி பெயரை நாலு பேர் கேட்கச் சொல்கிறவனை நம் தெருவில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். இதில் ஒரு குறை இருப்பதாக அல்மாத்தி போகும் வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அல்மாத்தி நான் படித்தபோது வெளிநாடு இல்லை, அது உனக்குத் தெரியும். பட்டம் வாங்கி வீடு வந்து, நான் பாட்டுக்கு மாடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது நாடு துண்டு துண்டாக உடைந்து நடுவில் ஒரு எல்லை வந்து உட்கார்ந்துகொண்டது. நானும் வெளிநாட்டில் படித்தவன் ஆகிவிட்டேன். அதற்காக நான் ஒன்றும் பாடுபடவில்லை என்றாலும் அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து உன் அம்மாவுக்கு அந்த ஊர்க் கதைதான். நம் பள்ளத்தாக்கைத் தாண்டி அறியாதவள், பாவம், எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். "கண்ணைக் கட்டிவிட்டாலும் அங்கே நடப்பேன்" என்று வேறு சொல்லி வைத்திருந்தேன். ஓய்வு கிடைத்ததும் கண்ணைக் கட்டாமலே கூட்டிக்கொண்டு போனேன், ரயிலடியை விட்டு வெளியே வந்ததும் திசை தெரியவில்லை. எல்லாத் தெருவுக்கும் பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள். சரி, டிராம் நமக்குத் தெரிந்தது என்று நிறுத்தத்தில் போய் நின்றோம். தண்டவாளம் இருந்தது, டிராம்தான் வரவில்லை. அந்தக் காலத்திலேயே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கால் கடுத்துப்போன பிறகு, நாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த ஒருத்தர் டிராம் ஓடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று என்று மெதுவாகச் சொன்னார். உன் அம்மா சிரிக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நடங்க, தவ்ரோன் அப்பா. நீங்க கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கிற ஊர்தானே" என்றாள்.

நான் தங்கிப் படித்த விடுதி இப்போது பல் மருத்துவமனை. என் அறை ஜன்னலை உன் அம்மாவுக்குக் காட்டவேண்டும், உள்ளே போய் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வருகிறோம் என்று வாசலில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் "உட்காருங்க, டாக்டர் பார்ப்பாரு" என்றாள். நான் இது வேறு விஷயம் என்று விளக்குவதற்குள் உன் அம்மா முந்திக்கொண்டு, இவருக்குப் போன ரமலானிலிருந்து இடது கடைவாய்ப் பல் வலிக்கிறது, சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறார் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். ஆக, நான் ஐந்து வருஷம் படுத்துத் தூங்கிய அதே இடத்தில் மறுபடி படுத்தேன், பல்லைப் பிடுங்கினார்கள். ஜன்னலைப் பார்த்தேன். அதே மலைதான் தெரிந்தது, ஆனால் வாயைத் திறந்தபடி பார்த்ததால் முழுதாக ரசிக்க முடியவில்லை.

கன்னத்தை வீங்க வைத்துக்கொண்டு குல்யாஷ் வீட்டு விருந்துக்குப் போனோம். குல்யாஷ் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், இப்போது பேரன் பேத்தி எடுத்தாயிற்று. கதவைத் திறந்ததும் "எர்கின், நீ இன்னும் சாகலையா?" என்று கட்டிப்பிடித்தாள். எர்கின், அந்த வீட்டுச் செருப்பைப் போட்டுக்கோ, எர்கின், கன்னத்துக்கு என்ன ஆச்சு, எர்கின், கறி மெல்ல முடியலைன்னா மாவுத் தகட்டையாவது சாப்பிடு என்று மூச்சுக்கு ஒரு எர்கின். உன் அம்மாவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினாள். நல்ல துண்டெல்லாம் அவளுக்கே வைத்து, கிளம்பும்போது பட்டு அங்கி ஒன்றை அவள் தோளில் போட்டுத்தான் அனுப்பினாள். உன் அம்மாவுக்கும் அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் அவள் என் பெயரைச் சொல்லும் போதெல்லாம் உன் அம்மா அவள் வாயையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

மறுநாள் காலை பேருந்தில் சந்தைக்குப் போகும்போது ஆரம்பித்தாள்.

"அந்த அக்கா சொல்றப்போ நல்லாத்தான் இருக்கு, உங்க பேரு."

"நல்ல பேருதானே" என்றேன்.

"என் பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? பாஸ்போர்ட்டுல போட்டிருக்கே" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினேன்.

வேடிக்கையாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவள் கோபப்படவில்லை. "எங்கம்மா போனதுக்கு அப்புறம் அந்தப் பேரைச் சொல்லி என்னை யாருமே கூப்பிட்டதில்லை" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சந்தை வரும் வரை திரும்பவே இல்லை. ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது, பேருந்து நிறையக் கூட்டம்.

சந்தையில் ஒருத்தன் குதிரைக் கறியை வைத்துக்கொண்டு காலையில் அறுத்தது என்று சத்தியம் செய்தான். என் தொழிலில் ஊறியவனிடம் இந்தக் கதையா? அவனுக்குக் கொழுப்பின் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் பாடம் எடுத்துவிட்டுத் திரும்பினால், உன் அம்மா இல்லை. இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் இல்லை. அவளிடம் போன் கிடையாது, பாஸ்போர்ட் என் பையில், தங்கியிருக்கும் தெருவின் பழைய பெயரும் தெரியாது, புதுப் பெயரும் தெரியாது. கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றே முடிவு கட்டினேன். பயந்துவிட்டேன் மகனே. தொண்டை கிழிய "தவ்ரோன், தவ்ரோன்" என்று கத்திக்கொண்டு ஓடினேன். இரண்டு தவ்ரோன்கள் வந்தார்கள். ஒருவர் நமங்கானிலிருந்து வந்து உலர்திராட்சை விற்பவர், இன்னொருவர் பெரிய மீசை வைத்த சுமைகூலி. இரண்டு பேரும் என்னைத் தாங்கிப் பிடித்து ஒலிபெருக்கி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே கண்ணாடி போட்ட ஒரு கசாக்குப் பெண் இருந்தாள்.

"காணாமப் போனவர் பேரு?"

"தவ்ரோன்."

"வயசு?"

"அம்பத்தெட்டு."

"என்ன உடுத்தியிருந்தாரு?"

"பூப்போட்ட பட்டுக் கவுன், பச்சை முக்காடு."

அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "ஐயா, ஆம்பளையா பொம்பளையா?"

"என் சம்சாரம்" என்றேன். அவள் என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள், என்ன நினைத்தாளோ, மைக்கை எடுத்து "கோகந்திலிருந்து வந்த தவ்ரோன் என்ற பெண்மணியைக் காணவில்லை" என்று அறிவித்துவிட்டாள். சந்தை முழுக்கச் சிரித்தது. உன் அம்மா வரவில்லை. மறுபடி அறிவித்தாள், மறுபடி சிரித்தார்கள். "அவங்களுக்குன்னு ஒரு பேரு இருக்கும் இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண். நான் வாயைத் திறந்தேன், வரவில்லை. மறக்கவில்லை, சத்தியமாக மறக்கவில்லை. அத்தனை பேர் நடுவில் நாக்கு எழவில்லை. திராட்சைக்காரர் எனக்குப் பரிந்து பேச வந்து, "நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம் தங்கச்சி, எங்க வீட்டுல என் சம்சாரத்தோட பேரு ஜம்ஷித், அது பையன் பேரு" என்றார். உங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதே இல்லையா என்று கேட்டாள் அவள்.

அந்தக் கேள்வி என்னை அறைந்த மாதிரி இருந்தது. பேருந்து ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த உன் அம்மாவின் தலைதான் ஞாபகம் வந்தது. அவளுக்கு மட்டும் ஏதாவது ஆகிவிட்டால் நான் யாரைக் கூப்பிட்டுக்கொண்டு அந்த வீட்டில் இருப்பேன்? மைக்கை வாங்கினேன். முதல் தடவை வீங்கிய கன்னத்தில் மாட்டிக்கொண்டு வேறு என்னவோ சத்தமாக வந்தது. இரண்டாம் தடவை சரியாகச் சொன்னேன். "மோஹிரா. மோஹிரா, நான்தான், எர்கின். வா, வீட்டுக்குப் போகலாம்."

யாரும் சிரிக்கவில்லை. திராட்சைக்காரர் கேட்கக்கூடாததைக் கேட்டவர் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் கறிக்கடை வரிசைப் பக்கமிருந்து அந்தப் பச்சை முக்காடு வந்தது.

"கேட்டுச்சா?" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கேட்டுச்சு" என்றாள்.

"நல்லா கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்கிறேனே. கண்ணைத் துடைங்க, எல்லாரும் பாக்குறாங்க."

இதுதான் நடந்தது. அன்றிலிருந்து முடிவு செய்துவிட்டேன், தெரு என்ன நினைத்தாலும் சரி. உன் பெயரை உன்னிடமே திருப்பித் தருகிறேன், இனி அது முழுக்க உன்னுடையது. குளிரில் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு, பெரியவர்கள் பேச்சைத் தட்டாதே. உன் கை தொட்டதெல்லாம் பெருகட்டும், நீ போகும் வழியெல்லாம் வெள்ளையாக, தடங்கல் இல்லாமல் இருக்கட்டும், இறைவன் உன்னைப் பத்திரமாக எங்கள் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும், ஆமீன்.

உன் தந்தை,
எர்கின்.

பின்குறிப்பு: தவ்ரோன் கண்ணு, இது அம்மா. உறையை ஒட்டச் சொல்லிக் கொடுத்துட்டு உன் அப்பா பசுவுக்குத் தண்ணி காட்டப் போயிருக்காரு. ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். சந்தையில நான் ஒண்ணும் கோவிச்சுக்கிட்டுப் போகலை. பட்டு அங்கியை வாங்கிக்கிட்டுச் சும்மா வர்றதான்னு குல்யாஷ் அக்காவுக்கு ஒரு சால்வை வாங்கப் போனேன். சொல்லிட்டுத்தான் போனேன், அவரு குதிரைக் கறியோட சண்டை போட்டுக்கிட்டிருந்தாரு. சால்வைக் கடை கறிக்கடை வரிசைக்குப் பின்னாடி, கறி வெட்டுற சத்தத்துல எனக்கு எந்த அறிவிப்பும் காதுல விழலை. சால்வையை வாங்கிக்கிட்டு வந்தா அவரைக் காணோம், தேடிக்கிட்டுப் போனா உன் அப்பா மைக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணு கலங்கி நிக்கிறாரு. கேட்டுச்சாங்கிறாரு. வேற என்ன சொல்லுவேன்? என்ன கேட்டிருக்கணும்னு இந்தக் கடுதாசியைப் படிச்ச அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை படிச்சேன். அவர்கிட்ட சொல்லிடாதே.

ஆனா இந்த ஏற்பாடு நம்ம வீட்டுக்குச் சரிப்படலை. வந்ததுலேர்ந்து முற்றத்துல நின்னு மோஹிரா மோஹிராங்கிறாரு. யாரையோ கூப்பிடறாருன்னு நான் பாட்டுக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டிருக்கேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து புதுசா யாரு வந்திருக்காங்கன்னு விசாரிச்சுட்டுப் போறாங்க. அதுகூடப் போகட்டும். நீ போனதுக்கு அப்புறம் இந்த வீட்டுல உன் பேரு கேட்கிறதே அவரு என்னைக் கூப்பிடறப்போதான். இந்த வாரம் முழுக்கக் கேட்கலை, எனக்கு வீடு வீடாவே இல்லை. அதனால நீ திரும்பி வர்ற வரைக்கும் பழையபடியே கூப்பிடுங்கன்னு இன்னிக்குச் சொல்லப் போறேன். அவரு "தவ்ரோன்"னு கூப்பிட்டா, "இதோ வந்துட்டேன்"னு சொல்ல இங்க ஒரு ஆள் இருக்கணும் இல்லையா.