வாசகசாலையில் சிரிப்பு நின்ற கதை

"சமூகம் ஒரு லிஃப்ட் மாதிரிங்க. உள்ள ஏறிட்டவங்க எல்லாருக்கும் ஒரே கொள்கைதான். இனிமே யாரும் ஏறக்கூடாது."

சொல்லிவிட்டு எழுத்தாளர் காத்திருந்தார். வாசகசாலைக் கூடத்தில் மின்விசிறி சுற்றும் சத்தம் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது வரிசையில் ஒருவர் தன் சட்டைப் பொத்தானை எண்ணிப் பார்த்துக்கொண்டார். இதே வாக்கியத்துக்குப் போன வருடம் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்திருக்கிறார்.

எங்கே பிசகியது என்று எழுத்தாளருக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் வாழ்க்கை, கலை, சமூகம் என்று அரை மணி நேரம் பேசுவார். தொண்ணூற்றைந்து வாரம் கூடம் குலுங்கியிருக்கிறது. முன்வரிசையில் உட்காரும் ஓய்வுபெற்ற ரயில் கார்டு முதலில் வெடிப்பார். அந்தச் சிரிப்பு அடுத்த வரிசைக்குத் தாவி, அங்கிருந்து அதற்கடுத்ததற்குப் போய், கடைசியில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பவரையும் பிடித்துக்கொள்ளும். தொண்ணூற்றாறாவது வாரம் கார்டே சிரிக்கவில்லை. கொடிக்காகக் காத்திருப்பவர் மாதிரி எழுத்தாளரின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போதாத குறைக்குப் புதுக் கண்ணாடி வேறு. பழைய கண்ணாடியில் தாள் தெரியும், ஆள் தெரியாது. மனைவி வற்புறுத்தி வாங்கிக் கொடுத்த இந்தப் புதியதில் தாளும் தெரிந்தது, சிரிக்காத ஆளும் தெரிந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் லிஃப்ட் ஜோக்கைச் சொல்லிப் பார்த்தார். அவள் துணி மடித்தபடியே, "நம்ம லிஃப்ட்டு ரிப்பேர்னு நாலு நாளா சொல்றேன், நீங்க ஒரு போன் பண்ணலை" என்றாள்.

எழுத்தாளர் எதையும் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்கிற ஆள். ஜோக் என்பது மூன்று பாகம் கொண்ட இயந்திரம் என்று ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். முதல் பாகம் ஆளை ஒரு திசையில் நடக்க வைக்கும். இரண்டாவது அவர் காலடியில் தரையை உருவும். மூன்றாவது, விழுந்ததை அவரே உணர ஒரு நொடி கொடுக்கும். யோசித்துப் பார்த்ததில் மூன்றாவது பாகம்தான் பழுது என்று முடிவு செய்தார். ஜனங்களுக்கு நேரம் போதவில்லை.

அடுத்த வாரம் ஒவ்வொரு ஜோக்குக்குப் பிறகும் பேச்சை நிறுத்தி, மனசுக்குள் ஐந்து எண்ணினார். முதல் ஜோக்குக்கு ஐந்து எண்ணியதும் நூலகர் அம்மா ஓடிவந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். மறுத்தால் மரியாதையாக இருக்காதே என்று குடித்தார். அன்றைக்கு ஒன்பது ஜோக். எட்டாவது டம்ளரோடு, "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து வேகமாக இறங்கிப் போனார். ஒன்பதாவது ஜோக் என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அப்படியானால் புரியவில்லை போலிருக்கிறது என்று, அதற்கடுத்த வாரம் ஒவ்வொரு ஜோக்கையும் விளக்கினார். "நவீன ஓவியத்தை எந்தப் பக்கம் மேலே வெச்சு மாட்டணும்னு ஓவியரைக் கேக்காதீங்க, ஆணி அடிக்கிறவரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, இதில் ஆணி எதைக் குறிக்கிறது, சுவர் எதைக் குறிக்கிறது என்று பத்து நிமிடம் பிரித்துக் காட்டினார். கூட்டம் மிகவும் ஆர்வமாகக் கேட்டது. நான்கு பேர் குறிப்பெடுத்தார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, கான்கிரீட் சுவருக்கு எந்த ஆணி நல்லது என்று கேட்டார்.

வாசகசாலைத் தலைவர் அவரைத் தனியாக அழைத்துப் போனார். பல் டாக்டர் ஒருவர் ஈறு பராமரிப்பு பற்றிப் பேச ஞாயிறு மாலையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். படமெல்லாம் போட்டுக் காட்டுவாராம். தலைவர் குரலைத் தாழ்த்தி, "போன மாசம் சும்மா ஒரு அஞ்சு நிமிஷம் பேசினார். நல்லா சிரிச்சாங்க" என்றார்.

ஈறிடம் தோற்பதா என்று எழுத்தாளருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவர் மற்ற ஆறு நாளும் சவரம் செய்துகொண்டிருந்தார். கடைசி வழியாக மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். சிரிப்பு தீ மாதிரி, ஒருத்தர் பற்ற வைத்தால் போதும், மற்றது தானாகப் பரவும் என்று விளக்கினார்.

"எப்ப சிரிக்கணும்னு எனக்கு எப்படி மாமா தெரியும்?"

"ஜோக்கைக் கேட்டா தெரியாதா?"

மச்சினன் மரியாதைக்குத் தலை குனிந்துகொண்டான். எழுத்தாளர் பெருமூச்சு விட்டு, "சரி, பேச்சு நின்னா சிரி" என்றார்.

தொண்ணூற்றொன்பதாவது கூட்டம் இரங்கலோடு தொடங்கியது. தலைவரின் மாமனார் அந்த வாரம் காலமாகியிருந்தார். எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். பேச்சு நின்றதை மச்சினன் கவனித்தான். சொன்ன வேலையைச் செய்கிற பையன். அறுபது விநாடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். யாரும் சேர்ந்துகொள்ளாததால் நடுவில் இரண்டு தடவை சுருதியைக் கூட்டியும் பார்த்தான்.

நூறாவது பேச்சுக்கு நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது, அதோடு முடித்துக்கொள்ளலாம் என்று தலைவர் சொல்லி அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் ஒரு பெரிய பிளாஸ்டிக் தாடையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். எழுத்தாளர் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

"இத்தனை வாரமா என்னைப் பொறுத்துக்கிட்டீங்க" என்று தாளைப் பார்த்துப் படித்தார். "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். இதுதான் என் கடைசிப் பேச்சு."

எழுத்து மங்கியது. கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தார்.

கார்டு வெடித்தார். அடுத்த நொடி இரண்டாவது வரிசை, அப்புறம் மூன்றாவது. ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். பல் டாக்டர் தாடையைக் கீழே போட்டுவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். எழுத்தாளருக்கு அழுகை பொங்கியது. மறுபடி கண்ணாடியைப் போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார், மறுபடி கூடம் அதிர்ந்தது. மாமனாரை இழந்த தலைவரே மேடையேறி, கண்ணீர் வழியச் சிரித்தபடி, இன்னும் ஒரு வருடம் ஞாயிறு மாலை அவருக்கே என்று அறிவித்தார்.

எல்லாரும் போன பிறகு எழுத்தாளர் காலியான கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று பாகத்தையும் மனசுக்குள் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தார். எதுவும் சேரவில்லை. மேடை ஓரத்திலிருந்து எப்போதும் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் மைக் செட்காரர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, இதுல கார்டு ஐயாவுக்கு என்ன சிரிப்பு வந்துச்சு?"

"அவருக்குக் காது கேக்காதே சார். ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடியே போயிடுச்சு."

"அப்ப எதுக்கு வாராவாரம் வர்றார்?"

"நீங்க நல்லா பேசறீங்கன்னு எல்லாரும் சொல்றாங்களாம்."

மைக் செட்காரர் சுற்றிய வயரைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"முன்னெல்லாம் ஜோக் முடிஞ்சதும் பழைய கண்ணாடியைக் கழட்டிட்டு ஜனங்களைப் பார்ப்பீங்க. அதைப் பார்த்து அவர் சிரிப்பார், அவரைப் பார்த்து மத்தவங்க சிரிப்பாங்க. அடுத்த வாரம் அந்தக் கண்ணாடியையே போட்டுட்டு வந்து, அப்பப்பக் கழட்டுங்க சார். என்ன வேணா பேசுங்க."