ஒன்பதாம் தேதி லீவு

சுதர்சன் கேட்டது ஏப்ரல் ஒன்பதாம் தேதி லீவு. கம்பெனியின் லீவு போர்ட்டல் கொடுத்தது செப்டம்பர் நாலாம் தேதி.

"அப்ரூவ் பண்ணிட்டேன்ப்பா. செப்டம்பர் லீவை இப்பவே கேட்டு வெச்சுட்டே. நல்ல பழக்கம்" என்று மேனேஜர் கிருஷ்ணகுமார் கோயம்புத்தூரிலிருந்து போனில் பாராட்டினார்.

சுதர்சன் 09/04 என்று தட்டியிருந்தான். போர்ட்டல் அமெரிக்கக்காரன் மாதிரி மாதத்தை முதலில் படித்துவிட்டது. அதற்காக யாரையும் திட்டவும் வழியில்லை. அந்தப் போர்ட்டலைக் கட்டி மேய்ப்பவனே அவன்தான். ஞாயிறையும் அந்தந்த ஊர் விடுமுறையையும் கழித்து லீவு நாளை எண்ண அதற்குக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான்.

ஒன்பதாம் தேதி காலை அவன் மனைவி மாதங்கி ஆறு மாதக் குழந்தையோடு செகந்திராபாத் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறாள். அவளுக்கு ஹைதராபாதில் வேலை கிடைத்துத்தான் போன ஜூனில் இருவரும் குஷாய்குடாவுக்குக் குடிவந்தார்கள். வந்த இரண்டாவது மாதமே அவள் பிரசவத்துக்குக் கும்பகோணம் போய்விட்டாள். அங்கே குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று சுதர்சன் ஏதோ அவசர வேலையில் மாட்டிக்கொண்டு போகவில்லை. பெற்ற பெண்ணுக்கு வர்ஷினி என்று பெயர் வைத்ததை வாட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிந்துகொண்ட தகப்பன் அவன். மாமனார் வீட்டில் அதை யாரும் மறக்கவில்லை. மாதங்கி மட்டும் மறந்துவிட்டதாகச் சொன்னாள். அதுதான் அவனுக்கு அதிகப் பயமாக இருந்தது.

"ஸ்டேஷனுக்கு வந்துடுவீங்கல்ல?"

"பிளாட்பாரத்துலயே நிப்பேன். அன்னிக்கு முழுக்க லீவு."

சொல்லியாகிவிட்டது. இனி போர்ட்டலைச் சரிசெய்வதுதான் பாக்கி. தேதி முதலில், மாதம் பிறகு என்று ஒரே ஒரு வரியை மாற்றினான். பத்து நிமிஷ வேலை. திருப்தியாக ஒரு காபி போட்டுக் குடித்தான்.

காபி ஆறுவதற்குள் கோயம்புத்தூரிலிருந்து ரோகிணி கூப்பிட்டாள். அவர்கள் டீம் முழுக்க அங்கேதான். அவன் ஒருவன்தான் இங்கே வீட்டிலிருந்து வேலை பார்க்கிறான்.

"சுதர்சன், மே பத்து எனக்குக் கல்யாணம். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. கண்டிப்பா வரேன்."

"போர்ட்டல்ல அது அக்டோபர் அஞ்சாம் தேதின்னு காட்டுது. மாப்பிள்ளை வீட்டுல நீங்களே பேசிடறீங்களா?"

போர்ட்டலின் குணம் தெரிந்த ரோகிணி மாதத்தை முதலில் போட்டு 05/10 என்று கொடுத்திருக்கிறாள். அவளைப் போல இன்னும் பதினோரு புத்திசாலிகள் இருந்தார்கள். ஒவ்வொருவர் லீவையும் தேடிப் பிடித்துக் கையால் திருத்தினான். சாயங்காலம் நிமிர்ந்து பார்த்தால், அவனுடைய லீவு எட்டாம் தேதி என்று இருந்தது.

இந்த நோய் அவனுக்குத் தெரிந்ததுதான். சர்வர் இருப்பது கிரீன்விச் நேரத்தில். இங்கே ஒன்பதாம் தேதி பிறக்கும்போது அங்கே எட்டாம் தேதி மாலை ஆறரைதான். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டான். ஒன்பது வந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'லீவு நாட்கள்: 0.'

அழித்துவிட்டு மறுபடி போட்டான். சைபர். வேறு பிரவுசரில் போட்டான். சைபர். எட்டாம் தேதி என்று காட்டியபோது ஒழுங்காக ஒன்று என்றுதான் இருந்தது. தான் கூட்டிய ஐந்தரை மணி நேரம் எங்கோ ஒரு நாளை விழுங்கிவிட்டது என்று முடிவு கட்டினான். சைபர் நாள் லீவை எந்த மேனேஜரும் அப்ரூவ் பண்ண முடியாது. பொத்தானே வராது.

ஒன்றும் யோசிக்காமல், வரும் விடையோடு ஒன்றைக் கூட்டு என்று எழுதினான். 'லீவு நாட்கள்: 1.' அனுப்பிவிட்டுப் படுத்தான். ரொம்ப நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் காலை கிருஷ்ணகுமாரே கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்துகிற மனிதர் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"என்னப்பா பண்ணிப்போட்டே? நான் ரெண்டு நாள் லீவு போட்டா மூணுன்னு காட்டுது."

"சார், அது ஒரு சின்ன..."

"இரு, முடிக்கலை. லீவே போடாதவங்க நாப்பது பேருக்கு ஆளுக்கு ஒரு நாள் கழிஞ்சிருக்குது. அதுல எம்.டி.யும் ஒருத்தர். பதினாறு வருஷத்துல ஒரு நாள் லீவு எடுத்ததில்லைன்னு மேடைக்கு மேடை சொல்ற மனுஷன் அவரு."

"இன்னிக்கே சரிபண்ணிடறேன் சார்."

"வேண்டாம். நீ சரிபண்ணப் பண்ணத்தான் இத்தனையும். எல்லாத்தையும் பழையபடி மாத்திப்போடு. அப்புறம் ஒன்பதாம் தேதி உங்க ஹைதராபாத் ஆபீசுக்கே நேர்ல போய் உக்காந்து, ஒண்ணொண்ணா சரிபார்த்துக் குடு."

"சார், அன்னிக்குத்தான் நான் லீவு கேட்டேன்."

"அது செப்டம்பர் நாலுக்குக் குடுத்தாச்சேப்பா" என்றார் அவர். கிண்டல் கூட இல்லை. உண்மையாகவே சொன்னார்.

எட்டாம் தேதி காலை, ரயில் ஏறக் கிளம்பிக்கொண்டிருந்த மாதங்கியிடம் சொல்லவேண்டி வந்தது. சுதர்சனுக்கு வெட்கமாக இருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான்.

பின்னால் வர்ஷினி எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"பரவாயில்ல. நான் ஆட்டோ பிடிச்சு வந்துக்கறேன்" என்றாள். "சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போங்க. அப்பா எங்கன்னு குழந்தை கேட்டா, செப்டம்பர்ல வருவார்னு சொல்லிக்கறேன்."

அவள் கத்தியிருந்தால் அவனுக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும்.

மறுநாள் காலை ரயில் வந்து நிற்கிற நேரத்தில் சுதர்சன் ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கும் ஹைதராபாத் ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினான். சீக்கிரம் முடித்தால் மத்தியானமாவது வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று கணக்கு. கேட் பூட்டியிருந்தது. செக்யூரிட்டி வாசு நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். போலாரத்தில் பிறந்து வளர்ந்த தமிழர், தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கிற குடும்பம்.

"கைக்கு சார், எதுக்கு இவ்ளோ சீக்கிரம்? எதாச்சும் எடுக்க வந்தீங்களா?"

"வேலை இருக்கு, கேட்டைத் திறங்க. எம் பொண்டாட்டி, குழந்தை எல்லாம் ஊர்லேர்ந்து இப்பத்தான் வந்து இறங்கறாங்க. இன்னிக்கு ஒரு நாள் லீவு வாங்க ஒரு வாரமா போராடினேன், கிடைக்கல."

வாசு எழுந்து நின்று அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னிக்கு உகாதி சார், ஊரே லீவு. லீவு நாளுக்கு யாராச்சும் லீவு கேப்பாங்களா?"