‘ஐந்து தட்டு’ நாடகத்துக்கு அனுமதி கேட்டு

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்கருத்து வைத்திருக்கிறது. அங்கு அக்காவும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்றே எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கடந்த ஞாயிறு காலை பத்தே காலுக்கு எங்கள் ஆலைத் தொழிலாளர் மன்றத்தின் நாடகக் குழு கூடி, இரண்டரை மணி நேர விவாதத்துக்குப் பின், ஒரு நாற்காலி ஆட வேண்டும் என்று தீர்மானித்தது. ஒன்பது பேர் ஆதரவு. தச்சர் நடுநிலை. தீர்மானம் பதிவேட்டில் ஏறிவிட்டது. நாற்காலி இன்னும் ஆடவில்லை.

முப்பது வருடத்துக்கு முன் நீங்கள் எழுதி, ஒரே ஒரு தடவை மேடையேறி, அதன்பின் மன்றத்துக் கேரம் மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் பணியாற்றிவந்த உங்கள் ‘ஐந்து தட்டு’ நாடகத்தை ஆண்டு விழாவுக்கு மறுபடியும் போடுகிறோம். வேறு நாடகம் கைவசம் இல்லை என்பதும் ஒரு காரணம். சொந்தக்காரரிடம் அதை மறைப்பானேன். ஆலைத் தொழிலாளி, மனைவி, நாலு பிள்ளைகள், ஆறு பேருக்கு ஐந்து தட்டு. கதை உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டுக் கதைதானே. செயலாளர் என்பதால் இயக்குநர் வேலையும் என் தலையில் விழுந்தது. நாற்பது வருடம் கடைசல் இயந்திரத்தை ஓட்டியவனுக்கு மனிதர்களை ஓட்டத் தெரியாது என்பதை இப்போது கற்றுவருகிறேன்.

நடிப்பவர்களும் மேடை போடுகிறவர்களும் நம் ஆட்களே. அதுதான் வினை. தச்சரிடம், “ஏழை வீட்டு நாற்காலி, உட்கார்ந்தா ஆடணும்” என்றேன். கொண்டுவந்தார், உட்கார்ந்தேன், மலை போல நின்றது. கேட்டால், “ஒரு காலை அரை விரல் குறைச்சேன் சார், பார்க்கச் சகிக்கலை. மத்த மூணையும் சமமாக்கிட்டேன்” என்கிறார். திருப்பி அனுப்பினேன், மறுபடி ஒன்றைக் குறைத்தார், மறுபடி மனம் கேட்காமல் மூன்றையும் குறைத்தார். இப்படி நாலு முறை. இப்போது கதாநாயகன் அதில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடுகிறது, ஆனால் ஆட்டம் இல்லை. கொத்தனார் சுவரில் காலையில் ஒரு விரிசல் போட்டார், சாயங்காலம் அவரே பூசிவிட்டார். “விரிசலை விட்டுட்டு எப்படிங்க வீட்டுக்குப் போறது? நாளைக்கு நாலு பேரு என் வேலைன்னு சொல்ல மாட்டாங்களா?” தையல்காரம்மாவிடம் கிழிந்த சட்டையைக் கொடுத்தால், கிழிசல் எங்கே என்று நம்மைத் தேட வைக்கிறார். “ஒட்டுப் போட்டது தெரியணும்மா” என்று கெஞ்சியதில், அழகாக ஓரம் மடித்து ஒட்டுப் போட்டார். அதே மாதிரி வேண்டுமென்று இரண்டு பேர் சட்டை கொடுத்திருக்கிறார்கள். மேடையைப் பார்க்க வந்த மன்றத் தலைவர் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, “வறுமை எந்தப் பக்கம்?” என்று கேட்டார். இந்த மூன்று பேரும் ஒழுகும் வீட்டில் பிறந்தவர்கள். ஒழுகலைக் கண்டால் அடைக்காமல் இருக்க அவர்களுக்குத் தெரியாது.

இதெல்லாம் கூடப் போகட்டும். அம்மா வேஷம் கட்ட இருந்தவர் மகள் பிரசவத்துக்குப் போய்விட்டார். வசனம் முழுக்க மனப்பாடமாக இருப்பது ஒரே ஒருவருக்கு, அது உங்கள் தங்கை. அன்று நாடகம் முடிந்து எழுந்து வந்தவள் இன்றுவரை உங்களோடு பேசவில்லை. வீட்டுக் கஷ்டத்தைச் சந்திக்கு இழுத்த கோபம் என்று நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் மெல்லக் கேட்டேன்.

“அதுக்கா கோபம்? கஷ்டத்தை நாங்க எங்க ஒளிச்சு வெச்சோம்? தெருவுக்கே தெரியும்.”

“பின்னே?”

“மூணாவது காட்சியில அம்மா என்ன பண்ணுது?”

“பிள்ளைங்களுக்குப் போட்டுட்டு, நான் அப்பவே சாப்பிட்டேன்னு பொய் சொல்லுது. கொட்டகையே அழுதுச்சே.”

“நல்லா அழுதாங்க. எங்கம்மா அப்படிச் சொன்னதே கிடையாது. ஒரு நாள் எங்க நாலு பேரையும் வெளிய துரத்திட்டு, கதவைச் சாத்திட்டு, தனியா உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டுச்சு. நான் ஜன்னல் வழியாப் பார்த்தேன். அது முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்தை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. உங்க மச்சான் அதைத் தெய்வமாக்கிட்டாரு. தெய்வத்துக்குப் பசிக்காது பாருங்க, எல்லாருக்கும் சௌகரியம்.”

இதைச் சொல்லிவிட்டு என் சட்டையைத் தலைகீழாக மடித்தாள்.

அந்தக் காட்சியை அவள் சொல்கிறபடி மாற்றினால் நடிப்பாளாம். இல்லாவிட்டால் ஆளை விடுங்கள் என்கிறாள். குழு விதி பதினான்கின்படி, எழுதியவர் கைப்படச் சம்மதம் தராமல் ஒரு காட்சியையும் மாற்றக்கூடாது. ஆகவே ‘சம்மதம்’ என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். விளக்கமெல்லாம் வேண்டாம், விளக்கம் வந்தால் வீட்டில் இரண்டாம் போர் தொடங்கும். நீங்கள் மறுத்தால் விழாவில் பாட்டுப் போட்டி நடக்கும். உங்கள் தங்கை இன்னொரு முப்பது வருடம் பேச மாட்டாள், இந்த முறை என்னோடும் சேர்த்து. இன்னொன்று, சொல்லவே சங்கடமாக இருக்கிறது: நீங்கள் நாடகத்துக்கு வர வேண்டாமாம். “முன்னாடி வந்து உட்கார்ந்தாருன்னா நான் பாதியில இறங்கிடுவேன்” என்று சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்கள் முதுகுவலிக்கு என் முழங்காலின் விசாரிப்பு.

தங்கள் தங்கையின் கணவன்,
செயலாளர், நாடகக் குழு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் ஒத்திகைக்கு எடுத்துப்போனது நல்லதாயிற்று. மேலே கேட்ட அனுமதி தேவையில்லை. உங்கள் தங்கை யாரையும் கேட்காமல் மேடையேறி, கதவைச் சாத்தி, உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். பதினோரு நிமிடம், வசனம் இல்லை. யாரும் அழவில்லை. கொத்தனார் மட்டும் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்; அது நாடகத்தில் கிடையாது. குழு அங்கேயே கூடி விதி பதினான்கை நீக்கியது. வர வேண்டாம் என்று உங்களுக்கு எழுதியிருந்ததை அவளிடம் படித்துக் காட்டினேன். என் பையிலிருந்து ஒரு நுழைவுச் சீட்டை எடுத்து, ‘அண்ணன்’ என்று எழுதிக் கொடுத்தாள். இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் வரிசை, இருக்கை எண் ஏழு.